கைலாசபுரம் முதல் கடைமடை ஏரி வரை... தண்ணீருக்கு ஒரு வருடக் கணக்கு!

திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போகும் பேருந்தில் ஏறி பால்பண்ணை, அரியமங்கலம், காட்டூர், திருவெறும்பூர் என்று கடந்து வந்தால், நெரிசல் கொஞ்சம் குறைந்து சாலையோரம் மரங்கள் தென்படத் தொடங்கும். அங்கேதான் கைலாசபுரம். கோயில் ஊர் என்று பெயரை வைத்து நினைத்துவிடக் கூடாது. இது கொதிகலன் ஊர். பாரத மிகுமின் நிறுவனமான பெல், அன்றைய செக்கோஸ்லோவாக்கியா நாட்டின் தொழில்நுட்ப உதவியுடன் 1965-ம் ஆண்டு இங்கே உயர் அழுத்தக் கொதிகலன் ஆலையைத் தொடங்கியது. அந்த ஆலையில் வேலை செய்தவர்களுக்காக உருவான குடியிருப்புதான் கைலாசபுரம். நேரான தெருக்கள், வரிசை வரிசையாகக் குடியிருப்புகள், பள்ளிகள், மருத்துவமனை, நிழல் தரும் மரங்கள் என்று தனி நகரமாகவே இருக்கிறது.

நாடு முழுக்க உள்ள அனல் மின் நிலையங்கள் பலவற்றில் இங்கே செய்த கொதிகலன்கள் ஓடுகின்றன. பெரிய ஆலை வந்ததும் அதைச் சுற்றிச் சிறிய பட்டறைகளும் முளைத்தன. இரும்புத் தகடு வெட்டுவது, பற்றவைப்பது, துருவை நீக்குவது, வண்ணம் பூசுவது என்று துவாக்குடி, திருவெறும்பூர் பக்கம் பல குடும்பங்களுக்கு இதுதான் பிழைப்பு. நிலத்தில் பாதி வருமானம், பட்டறையில் பாதி வருமானம் என்று வாழும் வீடுகள் இந்தப் பக்கத்தில் உண்டு.

இந்தத் தொழில் ஊரை ஒட்டித்தான் ஒரு பழைய பாசனம் வந்து முடிகிறது. அதன் கடைசியில் இருப்பது வாழவந்தான்கோட்டை ஏரி.

ஆயிரம் ஆண்டு வாய்க்கால்

திருச்சிக்கு மேற்கே பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிகிறது உய்யக்கொண்டான் வாய்க்கால். ‘உய்யக்கொண்டான்’ என்பது முதலாம் ராஜராஜ சோழனின் பட்டப்பெயர்களில் ஒன்று. சோழர் காலத்து வாய்க்கால் இது. சுமார் 70 கிலோமீட்டர் நீளம் ஓடி, வழியில் வாய்க்கால் பாசனமாகவும் ஏரிப் பாசனமாகவும் 30,000 ஏக்கருக்கு மேல் தண்ணீர் கொடுக்கிறது.

தலைப்பகுதியில் வாழையும் நெல்லும் வளமாக விளைகின்றன. அதைத் தாண்டி உய்யக்கொண்டான் திருமலை, புத்தூர், நீதிமன்ற வளாகம், பாலக்கரை என்று மாநகரத்தின் நடுவே புகுந்து, அரியமங்கலம் வழியாகக் கிழக்கே வந்து, கடைசியில் துவாக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் வாழவந்தான்கோட்டை ஏரியை வாய்க்கால் அடைகிறது. தலைமடை விவசாயிக்கு வருவது காவிரித் தண்ணீர். கடைமடை விவசாயிக்கு வருவது காவிரித் தண்ணீரோடு ஒரு மாநகரத்தின் மிச்சமும்தான். வீட்டுக் கழிவுநீர், சந்தைக் குப்பை, பிளாஸ்டிக், ஆகாயத்தாமரை எல்லாம் சேர்ந்துதான் வந்து சேர்கின்றன.

ஆகாயத்தாமரை சும்மா வளர்வதில்லை. தழைச்சத்தும் மணிச்சத்தும் அதிகமாகக் கலந்த தண்ணீரில்தான் அது பச்சைக் கம்பளம்போலப் படரும். வாய்க்காலில் எந்த இடத்திலிருந்து அது அடர்த்தியாகத் தொடங்குகிறது என்று பார்த்தாலே, கழிவு எங்கே கலக்கிறது என்பது ஓரளவு தெரிந்துவிடும். பரிசோதனைக்கூடம் இல்லாமலே படிக்கக்கூடிய முதல் அறிக்கை அது.

வாரியத்தின் ஒரு வருடம்

கைலாசபுரத்துக்கு அடுத்துள்ள துவாக்குடி தொழிற்பேட்டையில்தான் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகம் இருக்கிறது. 1974-ம் ஆண்டின் தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டப்படி, 1982-ம் ஆண்டு பிப்ரவரி 27 அன்று தமிழகத்தில் இந்த வாரியம் உருவானது. 1981-ம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டத்தையும் இதுவே நடைமுறைப்படுத்துகிறது. ‘பொல்யூஷன் ஆபீஸ்’ என்றால் ஆலைக்காரர்கள் போகும் இடம் என்றுதான் கிராமங்களில் நினைப்பு. ஆனால், அங்கே ஒரு வருடத்தில் நடக்கும் வேலைகளைப் பார்த்தால், பாதிக்கு மேல் விவசாயிக்குச் சம்பந்தப்பட்டவைதான்.

முதல் வேலை, இசைவாணை. ஒரு தொழிற்சாலை கட்டுவதற்கு முன்பு ஒன்று, ஓட்டுவதற்கு முன்பு ஒன்று என இரண்டு இசைவாணைகள் வாங்க வேண்டும். மாசின் அளவைப் பொறுத்துத் தொழில்களைச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை என்று வகை பிரித்திருக்கிறார்கள். 2016-ம் ஆண்டு வகைப்பாட்டில் மதிப்பெண் 60-ம் அதற்கு மேலும் என்றால் சிவப்பு என்று இருந்தது. 20-ம் அதற்குக் கீழும் என்றால் வெள்ளை என்று இருந்தது. ஓர் ஆலை எவ்வளவு தண்ணீர் எடுக்கலாம், கழிவுநீரை எவ்வளவு, எங்கே விடலாம், புகைபோக்கி எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்பதெல்லாம் அந்த ஆணையில் எழுதப்பட்டிருக்கும். மண்ணச்சநல்லூர் போன்ற அரிசி ஆலை ஊர்களில் பறக்கும் உமிச் சாம்பலுக்கும், நெல் ஊறவைத்த தண்ணீருக்கும்கூட இந்தக் கணக்கு உண்டு.

இரண்டாவது வேலை, ஆற்றின் நாடி பார்ப்பது. முசிறி, பேட்டைவாய்த்தலை, திருச்சிக்கு மேலே, திருச்சிக்குக் கீழே, கல்லணை, கொள்ளிடம் என்று குறித்த இடங்களில் தொடர்ந்து தண்ணீர் மாதிரி எடுக்கப்படுகிறது. இதில் ‘திருச்சிக்கு மேலே, திருச்சிக்குக் கீழே’ என்ற இரண்டு இடங்கள் முக்கியம். ஊருக்குள் நுழையும்போது ஆறு எப்படி இருந்தது, வெளியேறும்போது எப்படி இருக்கிறது என்பதை அந்த இரண்டு எண்களை ஒப்பிட்டாலே தெரிந்துகொள்ளலாம்.

மூன்றாவது, பண்டிகை நாள் வேலைகள். போகியன்று டயரும் பிளாஸ்டிக்கும் எரிக்க வேண்டாம் என்ற பிரசாரம், விநாயகர் சதுர்த்திக்குக் களிமண் சிலை மட்டுமே கரைக்க வேண்டும் என்ற விதிகள், சிலை கரைப்பதற்கு முன்னும் பின்னும் தண்ணீர்ச் சோதனை, தீபாவளிக்குக் காற்று, ஒலி அளவீடு என வருடம் முழுக்க இவை தொடரும். 2019-ம் ஆண்டு ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகை பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழகத்தில் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் தொடங்கியது. வாய்க்கால் மதகில் பாலிதீன் பை அடைத்து, இரவில் இறங்கிக் கையால் பிடுங்கிப் போட்ட விவசாயிக்கு இந்தத் தடை எதற்கு என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

வருடம் முடிந்ததும் இத்தனை வேலைக்கும் ஓர் ஆண்டறிக்கை. தண்ணீர்ச் சட்டத்தின் 39-வது பிரிவுப்படி, நிதியாண்டு முடிந்த நான்கு மாதத்துக்குள் அந்த அறிக்கை மாநில அரசுக்குப் போக வேண்டும். ஒன்பது மாதத்துக்குள் அரசு அதைச் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். ஆக, துவாக்குடியில் பதிவாகும் ஒரு தாள், கணக்கில் ஓர் எண்ணாகச் சென்னைக் கோட்டை வரைக்கும் போகிறது. பதிவாகாத கஷ்டம் ஏரிக்கரையோடு நின்றுவிடுகிறது.

சட்டப்படி சரி... பயிருக்குச் சரியா?

விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான கணக்கு ஒன்று இருக்கிறது.

ஆற்றுத் தண்ணீரை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ‘ஏ’ முதல் ‘இ’ வரை ஐந்து தரமாகப் பிரிக்கிறது. ‘ஏ’ என்றால் கிருமி நீக்கம் மட்டும் செய்து குடிக்கலாம். ‘பி’ குளிக்க. ‘சி’ முறையாகச் சுத்திகரித்துக் குடிக்க. ‘டி’ மீனுக்கும் வன உயிர்களுக்கும். கடைசித் தரமான ‘இ’தான் பாசனத்துக்கு. அந்தக் கடைசித் தரத்துக்கே சில எல்லைகள் உண்டு. கார அமில நிலை 6 முதல் 8.5 வரைக்குள் இருக்க வேண்டும். மின் கடத்துத்திறன், அதாவது உப்பின் அளவைக் காட்டும் எண், 2,250-ஐத் தாண்டக் கூடாது. சோடியம் ஈர்ப்பு விகிதம் 26-க்குள்ளும், போரான் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குள்ளும் இருக்க வேண்டும்.

இது ஆற்றுக்கான அளவு. ஆலையிலிருந்து வெளியேறும் சுத்திகரித்த கழிவுநீருக்கு வேறு அளவு. அதில் கரைந்துள்ள உப்புகள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது வாரியத்தின் வரையறை. கரைந்த உப்பின் அளவை 0.64-ஆல் வகுத்தால் தோராயமாக மின் கடத்துத்திறன் கிடைக்கும். 2,100-ஐ வகுத்தால் ஏறக்குறைய 3,280 வருகிறது. அதாவது, சட்டப்படி சரியாகச் சுத்திகரித்து விடப்பட்ட கழிவுநீரே, நேராக வயலுக்குப் பாய்ந்தால் பாசனத் தரத்தை மீறியதாக இருக்கலாம்.

இதில் சூது எதுவும் இல்லை. வெளியேறும் கழிவுநீர், ஆற்றிலும் வாய்க்காலிலும் ஓடும் நல்ல தண்ணீரோடு கலந்து நீர்த்துப்போகும் என்ற நம்பிக்கையில்தான் இரண்டு அளவுகளும் வேறு வேறாக இருக்கின்றன. கலப்பதற்கு நல்ல தண்ணீர் ஓடவில்லை என்றால் என்ன ஆகும் என்பதுதான் கடைமடையின் கேள்வி.

கோடையில் மாறும் கணக்கு

வழக்கப்படி மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடப்படும். திறந்திருக்கும் மாதங்களில் உய்யக்கொண்டானில் காவிரி கரைபுரண்டு வரும். நகரத்தின் கழிவு கலந்தாலும் அது நீர்த்துப்போகும். அணை மூடி, ஆற்றில் வரத்து சுண்டிய கோடையில் நல்ல தண்ணீர் குறைந்துவிடும். நகரத்துக் குழாய்களும் சாக்கடைகளும் மட்டும் நிற்பதில்லை. அதே கழிவுதான், அதே அளவுதான். ஆனால், அப்போது அடர்த்தி பல மடங்கு.

அக்டோபரில் எடுத்த மாதிரியை வைத்து ‘தண்ணீர் நன்றாக இருக்கிறது’ என்று சொன்னால் அது பொய்யில்லை. மே மாதம் எடுத்த மாதிரியை வைத்து ‘மோசம்’ என்றாலும் பொய்யில்லை. எந்த மாதம், எந்த இடத்தில் எடுத்தது என்பதைச் சேர்த்துப் படிக்க வேண்டும். கோடையில் ஏரியில் தேங்கும் தண்ணீர் மெல்ல நிலத்தடிக்கும் இறங்கும் என்பதால், பக்கத்துக் கிணறுகளையும் அதே நேரத்தில் சோதித்துப் பார்ப்பது நல்லது.

சாக்கடைத் தண்ணீர் உரம்தானே என்று ஒரு பேச்சு உண்டு. அதில் தழைச்சத்து இருப்பது உண்மை. ஆனால், எந்த நேரத்தில் எவ்வளவு போகிறது என்பது விவசாயி கையில் இல்லை. கதிர் வரும் சமயத்தில் தழைச்சத்து கூடினால் நெல் சாயும், பூச்சியும் நோயும் கூடும். சோப்பு, சலவைத்தூளோடு வரும் சோடியம் மண்ணின் கட்டுமானத்தைக் கெடுத்து, மழை பெய்தால் சேறாகவும் காய்ந்தால் பாறையாகவும் ஆக்கிவிடும். அதற்குப் பெயர்தான் களர். வயலில் இறங்கி வேலை செய்பவர்களின் காலில் வரும் அரிப்பும் புண்ணும் தனிக்கதை.

திருச்சிக்குக் களர் புதிதல்ல. மணிகண்டம் வட்டாரத்தில் களர் நிலம் பரவலாக உண்டு. நாவலூர் குட்டப்பட்டில் இருக்கும் அன்பில் தர்மலிங்கம் வேளாண்மைக் கல்லூரி, களர் நிலத்துக்கென்றே ஆராய்ச்சி செய்து ‘திருச்சி 1’, ‘திருச்சி 3’ போன்ற நெல் ரகங்களைக் கொடுத்திருக்கிறது. ஜிப்சம் இட்டு, நல்ல தண்ணீரைத் தேக்கி வடித்து, தக்கைப்பூண்டை மடக்கி உழுது நிலத்தைத் தேற்றும் முறைகளும் அங்கே சொல்லித்தரப்படுகின்றன. ஆனால், வடிப்பதற்கே நல்ல தண்ணீர் வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது. உப்புத் தண்ணீரை விட்டுக்கொண்டே ஜிப்சம் போடுவது, ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடிப்பதுபோலத்தான்.

நொய்யலும் பாலாறும் சொல்லும் பாடம்

திருச்சிக்கு மேற்கே, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு சேர்கிறது நொய்யல். திருப்பூர் சாயக் கழிவு கலந்து அந்த ஆறு பட்டபாடு தமிழகமே அறிந்தது. பாசனத்துக்காக 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சாயநீர் தேங்கும் இடமாகிப்போனது. ‘அணையைத் திறக்காதீர்கள்’ என்று விவசாயிகளே கேட்க வேண்டிய நிலை வந்தது. வழக்கு நடத்தி, 2011-ம் ஆண்டு ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத முறைக்கு மாறாத சாய ஆலைகளை மூட உத்தரவிடும் வரை போராட்டம் ஓயவில்லை.

பாலாற்றங்கரையில் தோல் கழிவால் நிலமும் கிணறும் கெட்டுப்போன வேலூர் மாவட்டத்துக்காக, 1996-ம் ஆண்டு ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. மாசு செய்தவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்பதை இந்தியச் சட்டத்தின் பகுதியாக உறுதிசெய்த தீர்ப்பு அது. பாதிக்கப்பட்ட விவசாயிகளுக்கு இழப்பீடு கணக்கிட ஓர் ஆணையமும் அமைந்தது.

இரண்டு இடங்களிலும் விவசாயிகளுக்குக் கைகொடுத்தவை காகிதங்கள்தான். எந்தக் கிணறு, எந்தத் தேதி, என்ன உப்பு அளவு என்ற பதிவுகள் இருந்ததால்தான் நீதிமன்றத்தில் பேச முடிந்தது. ஆனால், நிலம் கெட்ட பிறகு எடுத்த பதிவுகள் அவை. உய்யக்கொண்டான் இன்னும் அந்த நிலைக்குப் போகவில்லை. அதனால், இங்கே பதிவை இப்போதே தொடங்கலாம்.

விவசாயிகள் கேட்கும் கேள்விகள்

யாரிடம் புகார் கொடுப்பது?

வாய்க்காலும் ஏரியும் நீர்வளத் துறையின் பொறுப்பு. வீட்டுக் கழிவுநீரும் குப்பையும் மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சியின் பொறுப்பு. ஆலைக் கழிவு வாரியத்தின் பொறுப்பு. பயிர்ச் சேதம் வேளாண்மைத் துறையின் பொறுப்பு. தனித்தனியாகப் போனால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுவார். மாவட்ட ஆட்சியர் நடத்தும் மாதாந்தர விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் எல்லாத் துறையினரும் இருப்பார்கள். அங்கே எழுத்து மூலமாகக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அதன் நகலை மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பலாம்.

மனுவில் என்ன எழுத வேண்டும்?

‘தண்ணீர் நாறுகிறது’ என்பது போதாது. எந்த மதகுக்கு அருகில், எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, என்ன நிறம், எந்தக் குழாய் அல்லது ஓடை வழியாக வந்தது, எந்தச் சர்வே எண் நிலம் பாதித்தது என்று எழுத வேண்டும். தேதியோடு புகைப்படம் இருந்தால் பலம் கூடும்.

தண்ணீர் மாதிரியை விவசாயியே எடுக்கலாமா?

பாசனத் தரம் பார்க்கத் தாராளமாக எடுக்கலாம். சுத்தமான ஒரு லிட்டர் பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, ஓரத்தில் எடுக்காமல் ஓட்டத்தின் நடுவிலிருந்து கழுத்து வரை நிரப்பி மூட வேண்டும். போர்வெல் என்றால் அரைமணி நேரம் மோட்டாரை ஓடவிட்டுப் பிடிக்க வேண்டும். பெயர், இடம், தேதி எழுதி அன்றே வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துவிடலாம். ஆனால், ஓர் ஆலைமீது வழக்குத் தொடர, சட்டத்தின் 21-வது பிரிவுப்படி வாரிய அதிகாரி முறையாக எடுத்து முத்திரையிட்ட மாதிரிதான் செல்லும். விவசாயியின் சோதனை முடிவு, அந்த அதிகாரியை வரவழைக்கப் பயன்படும்.

வாரியம் எடுத்த அளவுகளைப் பார்க்க முடியுமா?

முடியும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு செய்தால், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். குறிப்பிட்ட இடத்தில் கடந்த மூன்று வருடங்களில் மாதவாரியாக எடுத்த அளவுகள் என்று கேட்டால், கோடைக்கும் மழைக்காலத்துக்கும் உள்ள வித்தியாசம் தெரியும்.

எதுவுமே நடக்கவில்லை என்றால்?

தண்ணீர்ச் சட்டத்தின் 49-வது பிரிவுப்படி, 60 நாள் முன்னறிவிப்பு கொடுத்துவிட்டு எந்தக் குடிமகனும் நீதிமன்றத்தில் புகார் செய்யலாம். 2010-ம் ஆண்டு சட்டப்படி அமைந்த பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. பிரச்னை எழுந்த ஆறு மாதத்துக்குள் அங்கே மனு செய்ய வேண்டும். இழப்பீடு கேட்பதற்கு ஐந்து வருடம் வரை அவகாசம் உண்டு.

ஏரிக்கரையில் ஒரு நோட்டு

கைலாசபுரத்தில் செய்யும் ஒவ்வொரு கொதிகலனுக்கும் ஒரு கோப்பு உண்டு. எந்த இரும்பு, எந்தப் பற்றவைப்பு, எவ்வளவு அழுத்தத்தில் சோதித்தது என்று எழுதிக் கையெழுத்து போட்டால்தான் அது ஆலையை விட்டு வெளியே போகும். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஏரிக்கு வந்து சேரும் தண்ணீருக்கும் அப்படி ஒரு கோப்பு வேண்டும்.

அதைப் பெரிய செலவில்லாமல் ஆயக்கட்டு விவசாயிகளே தொடங்கலாம். 40 பக்க நோட்டு ஒன்று போதும். மாதம் ஒருமுறை ஒரே மதகில், ஒரே நேரத்தில் தண்ணீரின் நிறம், வாடை, நுரை, ஆகாயத்தாமரையின் அளவு, மீன் செத்து மிதந்ததா என்ற விவரம், முடிந்தால் மின் கடத்துத்திறன் எண்... இவ்வளவுதான். ஒரு சம்பா, ஒரு கோடை கடந்தால் அந்த நோட்டே ஓர் ஆண்டறிக்கையாகிவிடும்.

வாரியத்தின் அறிக்கை சட்டமன்றத்துக்குப் போகிறது. ஏரிக்கரை நோட்டு குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போகட்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் நாளில்தான், ஆயிரம் ஆண்டாக ஓடிவரும் உய்யக்கொண்டானின் கடைசி மதகுக்கும் கணக்கில் இடம் கிடைக்கும்.